எல்லாவற்றிலும் ஓர் எக்ஸ்ட்ரா

இன்று காலை ஊத்துக்குளியிலிருந்து வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கைக்காரரின் கைபேசி ஏதோ செய்தியைத் தானே வாசிக்கத் தொடங்கியது. இயந்திரத்தின் பெண் குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மழைச் செய்தியும் மரணச் செய்தியும் அதற்கு ஒன்றுதான். முற்றுப்புள்ளி வந்தால் நிற்கவேண்டும் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நிற்கிறது. மூச்சு வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அதை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். எனக்குத்தான் அதற்குமேல் உட்கார முடியவில்லை. இறங்கும் இடம் இன்னும் தூரம் இருந்தது. எழுந்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றேன்.

அந்தக் குரலை நான் ஓர் ஐப்பசியில் அலைந்து அலைந்து தேடியிருக்கிறேன்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஆக்சசரீஸ் ஸ்டோர் என் பொறுப்பு. துணி போக ஒரு சட்டைக்கு என்னென்ன வேண்டுமோ, லேபிள், பட்டன், எலாஸ்டிக், நூல்கண்டு, தொங்கவிடும் அட்டை, பாலிபேக், அத்தனையும் என் அலமாரிகளிலிருந்துதான் தையலுக்குப் போகும். அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு சந்து. அந்தச் சந்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே நான் கைபேசியில் எழுதுவேன். கவிதை என்று சொல்ல முடியாது, கட்டுரை என்றும் சொல்ல முடியாது. வரியை உடைக்கப் பொறுமையில்லாத கவிதை என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து எழுத எனக்கு வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் மனசு எழுந்து வெளியே போய்விடும்.

எழுதியதைக் கேட்க ஒருத்தி இருந்தாள். செக்கிங் மேசையில் வேலை. தைத்து வந்த துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிறவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். டீ நேரத்தில் நான் அவள் மேசையருகே நின்று வாசிப்பேன், அவள் கை துணியை மடித்துக்கொண்டே இருக்கும். பாராட்டமாட்டாள். திடீரென்று கை நிற்கும். "யக்கா, இந்த எடத்துல பொய் சொல்லுதிய" என்பாள். திருப்பிப் பார்த்தால் அங்கே பொய் இருக்கும். அழகான வரியாக இருக்கும், ஆனால் பொய். அழித்துவிடுவேன். அப்புறம் அவள் கை மறுபடி மடிக்கத் தொடங்கும். பிரசுரம், பத்திரிகை, பரிசு எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கை நிற்கிறதா, மடிக்கிறதா, அதுதான் எனக்கு எல்லாம்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த ஒரு நாள் டீ நேரத்தில் அவளே ஆரம்பித்தாள்.

"தீவாளிக்கு ஊருக்குப் போனா போனதுதாங்க்கா. இனி வரமாட்டேன்."

"ஏனுங்க அம்மிணி, திடீர்னு?"

"திடீர்னு எங்க? கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஓட்ட உள்ள துணியெல்லாம் நல்லதுன்னு தள்ளிவிட்டுட்டு இருக்கேன். சூப்பர்வைசரு நல்ல மனுசன், பாத்தும் பாக்காத மாதிரி இருக்காரு. அவரு வாயத் தொறக்கதுக்கு முன்ன நாமளே போயிரணும்லா. மவன் வீட்டோட இருந்துக்கிடுதேன்."

"அப்பொ நானு யாருகிட்ட வாசிக்கறதுங்க?"

பிரியப்போகிறவளிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. அவள் சிரித்தாள்.

"செவரு இருக்குல்லா."

"அது நிறுத்தாதுங்களே."

"எனக்கு மட்டும் அங்க யாரு இருக்கா? டீவிப் பொட்டிதான். அதுலயும் பாதி தெரியாது, சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு கெடக்கணும்."

இப்படித்தான் தொடங்கியது. அவள் கேட்கவில்லையென்றால் நான் எழுதுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததுதான் பயம். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டிவிட்டாள். "காலையில நீங்க அனுப்புனா மத்தியானத்துக்குள்ள குட்மார்னிங் பூவுக்கு அடியில போயிரும். எங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் பூ அனுப்புதவங்க. மேல ஏறிப் போயித் தேடதுக்கு எனக்குக் கண்ணு வேணும்லா."

எனவே வலைப்பூ. அவளுடைய கைபேசித் திரையில் ஒரே ஒரு படம். தொட்டால் என் பக்கம் திறக்கும். திறந்ததும் ஒரு பெரிய பொத்தான். அமுக்கினால் வாசிக்கும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் பார்த்து ஓட்டுவீட்டு முற்றத்தில் வடகம் காயவைத்துவிட்டு, அதைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொண்டே, இணையத்தில் இடம் வாங்கி, பெயர் வைத்து, முதல் பதிவையும் ஏற்றிவிட்டேன். இத்தனை சுலபமா என்று இருந்தது.

அதற்கப்புறம்தான் பிளகின் பட்டியலைத் திறந்தேன்.

வலைப்பூவோடு சேர்த்துத் தைத்துக்கொள்கிற சின்னச் சின்ன நிரல்கள் அவை. குப்பைப் பின்னூட்டத்தைத் தடுக்க ஒன்று. பக்கம் சீக்கிரம் திறக்க ஒன்று. எழுதியதை நகல் எடுத்துவைக்க ஒன்று. எழுத்தைப் பெரிதாக்க, படத்தைச் சிறிதாக்க, கள்ளனை விரட்ட, வந்தவர்களை எண்ண, வராதவர்களைக் கூப்பிட. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வலைப்பூ துணி, இதெல்லாம் ஆக்சசரீஸ். என் சொந்த ஊர் இது. என் அலமாரிச் சந்து.

புரிந்ததுதான் வினையாகிப்போனது.

எங்கள் தொழிலில் எந்த ஆர்டருக்கும் லேபிளைச் சரியான எண்ணிக்கையில் வாங்கமாட்டோம். கொஞ்சம் கூட வாங்குவோம். ஒன்று கிழியும், ஒன்றைத் தலைகீழாகத் தைப்பார்கள், ஒன்று காலுக்கடியில் போகும். கப்பல் நாளன்று ஒரு பட்டன் குறைந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கும். எக்ஸ்ட்ரா இல்லாமல் ஆர்டர் போடுகிறவரை எங்கள் ஊரில் யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார்கள். கைக்குப் பழகிப்போன பழக்கம் அது. எனவே எல்லாவற்றிலும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். குப்பை தடுக்க இரண்டு. வேகத்துக்கு இரண்டு. நகலுக்கு இரண்டு. பூட்டுக்கு இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும். அவற்றின் விவரக் குறிப்பில், கடைசியில், பொடி எழுத்தில், இதே வேலையைச் செய்யும் இன்னொன்றோடு சேர்த்துப் பயன்படுத்தவேண்டாம் என்று எழுதியிருந்தது. துவைக்கும் முறை லேபிளை ஊர் உலகம் எப்படிப் படிக்குமோ அப்படி நான் அதைப் படித்தேன்.

வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, ஊட்டுக்குள்ள என்ன இருக்குது?"

"ஒரு பதிவு இருக்குதுங்க."

"ஒத்தப் பதிவுக்கா இத்தன பூட்டு? திருடவே வந்தாலும் பாவம்னு அவன் ஒண்ணு எழுதி வெச்சுட்டுப் போவான்."

நான் காதில் வாங்கவில்லை. பேருந்தில் பிளகின், டீ நேரத்தில் பிளகின். எது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, கேள்வி கேட்டால் அதைச் செய்தவர் பதில் சொல்கிறாரா, நட்சத்திரம் எத்தனை, திட்டியிருப்பவர்கள் எதற்குத் திட்டியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டே போவேன். யாரோ எந்த நாட்டிலோ உட்கார்ந்து, என் சமையல் குறிப்புப் பக்கம் போச்சே என்று அழுதிருப்பார். அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு அடுத்ததைத் திறப்பேன். இரண்டாம் பதிவு எழுதவில்லை. டீ நேரத்தில் வாசிக்கவும் ஒன்றுமில்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது.

"என்னக்கா, இப்பல்லாம் வாயே தொறக்க மாட்டேங்கிய?"

"வேலை நடந்துட்டு இருக்குதுங்க அம்மிணி. எல்லாம் உங்குளுக்குத்தான்."

"எனக்குன்னா சட்டு புட்டுன்னு முடிங்க. நான் போனப்பொறவு கல்யாணத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

முக்கியமானது வாசிக்கும் பிளகின்தான். நட்சத்திரம் அதிகமாக வாங்கிய ஒன்றைப் போட்டு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் மேசையில் கைபேசியை வைத்தேன். சுற்றிலும் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபடி காத்திருந்தார்கள். என் முதல் பதிவு சைஸ் லேபிள்களைப் பற்றியது. இன்னும் பிறக்காத சட்டைகளுக்கு முன்னாலேயே மனிதர்களைச் சிறிதென்றும் பெரிதென்றும் பிரித்து டப்பாக்களில் அடைத்துவைத்திருக்கிறேன் என்று தொடங்கும். அளவு எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். பொத்தானை அமுக்கினேன்.

குரல் வந்தது. "எஸ். எம். எல். எக்ஸ் எல்." நின்றது.

அவ்வளவுதான். அதற்குத் தமிழ் தெரியாது. தமிழையெல்லாம் தாண்டிக் குதித்து, தெரிந்த எழுத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஒரு தும்மல் நேரத்தில் என் மொத்தப் பதிவையும் முடித்துவிட்டது.

பிசிர் நூல் வெட்டுகிற மூலனூர்க்கார அம்மாதான் சோற்றுக் கையோடு முதலில் கேட்டார். "ஏங் கண்ணு, கவிதைன்னு சொன்னே, அளவு சொல்லுது?"

மேசையே சிரித்தது. சிநேகிதி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. எனக்கு எக்ஸ் எல்லு ஒண்ணு எடுத்து வைங்க, எம்மு பத்தாது" என்றாள். நானும் சிரித்தேன். கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. தீபாவளிக்கு முன் ஏற்றவேண்டிய சரக்கு ஸ்டோர் வாசல் வரை நின்றது. ஊருக்குப் போகிறவர்கள் பை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேறொரு வாசிப்பானைப் போட்டேன். பழக்கதோஷம், அதற்கும் துணைக்கு ஒன்று. வேலைக்கு வரும் வழியில், பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள், இரண்டாவதையும் இயக்கினேன். பக்கம் வெள்ளையானது.

பிழைச்செய்தி இல்லை, தலைப்பு இல்லை. ப்ளீச் போட்டு அலசிய துணி மாதிரி வெள்ளை. திரும்பத் திறந்தேன், வெள்ளை. பதிவு ஏற்ற நான் உள்ளே போகும் கதவையும் திறந்தேன், அதுவும் வெள்ளை. இரண்டு நகல் பிளகின் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் நெஞ்சு ஆறியது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டு நகலையும் அதே வலைப்பூவுக்குள்ளேயே வைத்திருந்தேன். தீப்பிடித்த கோடவுனுக்கு உள்ளே தண்ணீர்க் குழாய்.

செக்கிங் மேசைக்குப் போய் கைபேசியை நீட்டினேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது எனக்கு நல்லாத் தெரியுதுக்கா. வெள்ள வெளேர்னு இருக்கு. ஒரு கறை கெடையாது. பாஸ் பண்ணிரலாம்."

"போய்ட்டுதுங்க அம்மிணி. எல்லாம் போய்ட்டுது."

"எல்லாம்னா? நீங்க ஒண்ணுதான போட்டிருந்திய?"

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் கணினியில் உட்கார்ந்தேன். உண்மையாகவே உட்கார்ந்தேன். இதே வெள்ளையில் மாட்டியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருந்தது. வலைப்பூவுக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு வழியாக உள்ளே போய், பிளகின்கள் மொத்தமும் கிடக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிடு என்றார் ஒருவர். பெயர் மாறினால் வலைப்பூவுக்கு அவை இருக்குமிடம் தெரியாது. எல்லாம் ஒரே மூச்சில் அணைந்துவிடும். மாற்றினேன். பக்கத்தைத் திறந்தேன்.

வந்தது. பூட்டில்லை, எண்ணுகிறவன் இல்லை, பகிரச் சொல்லும் பொத்தான்கள் இல்லை. மடிக்காத, அட்டை தொங்காத, பையில் போடாத துணி மாதிரி என் பதிவு மட்டும் இருந்தது. புதிதாகப் பார்க்கிற மாதிரி அதைப் படித்தேன். நடுவில் ஓரிடத்தில் பொய் இருந்தது. அவளிடம் வாசிக்காமலேயே தெரிந்தது. அழித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக உயிர் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றைப் போடுவது, பக்கத்தைத் திறப்பது, அடுத்ததைப் போடுவது. குப்பை தடுக்க ஒன்று போதும். நகலுக்கு ஒன்று, அதுவும் நகலை வெளியே, என் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. எழுத்தைப் பெரிதாக்க ஒன்று. வேகத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு பதிவுக்கு எங்கே என்ன அவசரம்? துணைக்கு வாங்கிய அத்தனையையும் நீக்கினேன். எக்ஸ்ட்ரா இல்லாமல் ஒரு சரக்கை நான் அதுவரை அனுப்பியதில்லை.

வாசிப்பான் மிஞ்சியது. அது கைபேசிக்குள் இருக்கும் குரலைத்தான் கடன் வாங்கும் என்று அந்தப் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவள் கைபேசியின் அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரலை இறக்கினேன். பொத்தானை அமுக்கியதும், இன்று பேருந்தில் கேட்டேனே, அதே குரல் என் பதிவை முதலிலிருந்து கடைசி வரை தமிழில் வாசித்தது. ஒரு வார்த்தை விடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவள் கையைப் பார்த்தேன். கை மடிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. துணியின் ஓரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தது.

"என்னுங்க அம்மிணி, எப்பிடி இருக்குது?"

"பஸ் ஸ்டாண்டுல பயணிகள் கவனத்திற்குன்னு ஒருத்தி சொல்லுவாள்லா, அவளாக்கா இது?"

"ஏனுங்க?"

"பஸ்ஸ விட்டுருவமோன்னு பயந்துக்கிட்டே கேட்டேன். நீங்க எழுதுனது ஒண்ணும் மண்டையில ஏறல."

"தமிழ்ல வாசிக்குதுங்களே. அதுக்குத்தானே இத்தன பாடு."

"அவ வாசிக்கா, வாசிக்கா. இல்லங்கல. ஆனா அவளுக்கு எங்க பொய்யின்னு தெரியல பாத்துக்கிடுங்க. ஒங்களுக்குத் தெரியும். பொய் வர்ற எடத்துல ஒங்களுக்குச் சத்தம் எறங்கும். அத வச்சுத்தான் நான் கண்டுபிடிக்கது. ஒங்க சத்தத்துலயே போடுங்க. அதுக்கு ஒரு பிளகின் கெடையாதா?"

"அதுக்கு எதும் வேண்டாமுங்க. பேசிப் பதிஞ்சு, அப்பிடியே ஏத்திக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப இம்புட்டு நாளா என்னத்தத் தேடுனிய?"

ஸ்டோருக்கு நடந்தேன். என் குரல் எனக்குப் பிடிக்காது. அதில் எப்போதும் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். வீட்டில் பதிந்து பார்த்தேன். குக்கர் கத்தியது, வீட்டுக்காரர் தேங்காய் எங்கே என்றார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், தையல் மெஷின்கள் ஓய்ந்தபோது பதிந்து பார்த்தேன். அத்தனை அமைதியில் என்னால் ஒரு வரிகூட நேராகச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில், அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி லாரிக்குப் பெட்டி கட்டுகிற அமளியில், நூல்கண்டுப் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் ஓவர்லாக் மெஷின்கள் அத்தனையும் ஒன்றாக ஓட, புதிதாக எழுதிய இரண்டாம் பதிவை ஒரே மூச்சில் வாசித்தேன். நடந்துகொண்டேதான். லேபிள் கேட்டு வந்து நின்றவர், நான் என்னமோ பிரார்த்தனை செய்வதாக நினைத்துக் காத்திருந்தார்.

மறுநாள் கோவில்வழி பேருந்து நிலையம். தெற்கே போகிற ஊர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கூவப்பட்டுக்கொண்டிருந்தன. பட்டாசுப் பெட்டியும் பாயும் பக்கெட்டுமாக ஊரே கிளம்புகிறது. பாதிப் பேர் திரும்புவார்கள், மீதிப் பேர் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. மடியில் ஒரு பை, காலடியில் மிக்ஸி. நான் வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக அவள் கைபேசியை வாங்கி, திரையில் என் பக்கத்தின் படத்தை வைத்து, எங்கே தொடவேண்டும் என்று அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். இயர்போனை மாட்டிக்கொண்டாள். அமுக்கினாள்.

பேருந்துச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பார்த்தேன். மடியில் கிடந்த துண்டை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கத் தொடங்கியிருந்தது. பாதியில் நின்றது.

"பொய்யுங்களா?" என்று எட்டிக் கேட்டேன்.

அவள் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "இல்லக்கா. பின்னாடி நம்ம மெசின் ஓடுது."

"ஆமாங்க, அது உள்ளே வந்துட்டுது. அதை வடிகட்டி எடுக்கறதுக்கு பிளகின் பாத்து வெச்சிருக்கறனுங்க. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள சரி பண்ணிப் போடறேன்."

"எத்தன பாத்து வச்சிருக்கிய?"

"ரெண்டு."

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமி, குலுங்கி, மெதுவாகப் பின்வாங்கியது. நான் ஜன்னலோடு நடந்தேன். அவள் இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டே, அது மாட்டியிருப்பதால் தன் சத்தம் தனக்கே கேட்காமல், பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ரெண்டும் வேண்டாம்க்கா! மெசின் சத்தம் அப்படியே கெடக்கட்டும், அது இருந்தாத்தான் எனக்கு அங்க உறக்கம் வரும். ஒங்க சத்தத்த வேணும்னா கொஞ்சம் கொறச்சு வைங்க!"